ஒரு மொட்டைக்கு இரண்டு வேண்டுதல்

நம்மோடு படித்தவர்கள் எல்லோரும் இருக்கிற அந்த வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். பேரன் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டான், பதினொன்றில் என்ன குரூப் எடுக்கலாம் என்று. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். கணக்கு இல்லாமல் எதிர்காலம் இல்லை என்றார் ஒருவர். கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்டிப்பாக வேண்டும் என்றார் இன்னொருவர். தொழிற்பிரிவு பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று மூன்று பேர் ஒரே மாதிரி எழுதினீர்கள், கடைசியில் கும்பிடும் கைப் படம் வேறு. அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? எரிச்சலில் நானும் நீளமாக ஏதோ தட்டினேன். அனுப்புவதற்கு முன்னால் அழித்துவிட்டேன். அழித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் என்னை மொட்டைத் தலையோடு பார்த்தவர்கள் நீங்கள். அரை வருஷத்துக்கு மேல் தலையில் முக்காடு மாதிரி ஒரு கர்சீப்பைக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏன் மொட்டை என்று ஒருவரும் கேட்கவில்லை. திருத்தணியில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்? பஸ் ஸ்டாண்டில் நின்றால் சந்தனம் பூசிய தலை நாலு நம்மைத் தாண்டிப் போகும். ஆனால் அது எதற்காகப் போட்ட மொட்டை என்று தெரிந்தால் உங்களில் சிலராவது பேரன் பேத்தி விஷயத்தில் வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்வீர்கள்.

கதை மோட்டாரில் ஆரம்பிக்கிறது. கே.ஜி.கண்டிகை போகிற வழியில் எங்களுக்கு நிலம். கிணற்றில் ஒரு மோட்டார். கோடையில் கரண்டு பாதி பலத்தில் வரும். மோட்டார் முக்கி முனகி ஓடி, ஒருநாள் கருகிப் போகும். பத்தாவது பரீட்சை எழுதிய அந்த மே மாதத்தில் மட்டும் இரண்டு தரம் போனது. கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. அப்பா மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கருகின கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுசு சுற்றித்தரும் பஜார் காயில் கடைக்குக் கொண்டுபோனார். வீட்டில் பாதி தெலுங்கு என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"நீ கடையிலயே உக்காந்துகினு இரு. அவன் கம்பி சுத்தறப்போ ஒவ்வொரு சுத்தையும் எண்ணு. குறைச்சி சுத்தினான்னா எங்கிட்ட வந்து சொல்லு."

காயில் கடைக்காரர்கள் சுற்றைக் குறைத்துவிடுவார்கள், அதனால்தான் மோட்டார் மறுபடி மறுபடி எரிகிறது என்பது நம் பக்கத்து விவசாயிகள் அத்தனை பேரின் தீர்மானம். மின்வாரியத்தைக் கேட்க முடியாது, காயில்காரரைச் சந்தேகப்படலாம். அதனால் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவார்கள். பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்தது நான்தான்.

காயில்காரருக்கு என்னைப் பார்த்ததும் மூஞ்சி மாறியது. "இன்னா பாப்பா, உங்க நைனா உன்னை போலீசு டூட்டிக்கு அனுப்பிச்சிட்டாரா? உக்காரு, உக்காரு. கம்பியைத் தொடாத" என்றார். அவர் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. என்னைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காவல் காக்க முடியாதே. கருகின சுருளை அவர் உளியால் வெட்டி எடுப்பார். எரிந்த அரக்கு வாசனை தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். வெட்டியதில் ஒரு சுருளை எடுத்து எத்தனை கம்பி என்று எண்ணுவார். பிறகு புதுக் கம்பி. மரக் கட்டையில் மாட்டி, கைப்பிடியைச் சுழற்றி, சிவப்பும் பொன்னுமாகப் பளபளக்கும் கம்பியை அவர் சுற்றும்போது கடையில் சத்தமே இருக்காது. அவர் வாய்க்குள் எண்ணுவார். நான் மனதுக்குள் எண்ணுவேன். சுருளை மோட்டாருக்குள் இருக்கும் பள்ளத்தில் இறக்கி, காகிதம் வைத்து, மூங்கில் சிம்பு செருகி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைத்துவிட்டு டீக்குப் போவார்.

இரண்டாம் நாள் அவர் "நாப்பத்தி ஆறு" என்று கம்பியை முறுக்கினார்.

"நாப்பத்தி அஞ்சுங்க" என்றேன்.

"நீ வேற."

"பால்காரன் வந்து கேட்டப்போ ஒரு சுத்தை ரெண்டு தரம் எண்ணிட்டீங்க."

முறைத்தார். பிரித்து எண்ணினார். நாற்பத்தைந்துதான் இருந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதற்குப் பிறகு அவர் வாய்க்குள் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சுற்றி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "எவ்ளோ?" என்பார். எனக்கு அந்த "எவ்ளோ" பிடித்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை, பதில் தெரியாமல் உண்மையாகவே. இந்த வேலை எனக்கு வரும் என்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவு பண்ணிக்கொண்டேன். கீழே கிடந்த துண்டுக் கம்பியை விரலில் மோதிரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அதை அன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டாள், விரல் பச்சையாகிவிடும் என்று.

ரிசல்ட் வந்தது. கணக்கில் நல்ல மார்க். பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒன்று சொன்னார், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. இந்த வருஷத்திலிருந்து தொழிற்பிரிவில் மின் மோட்டார் ரீவைண்டிங், அதாவது அதே காயில் கட்டும் வேலை, வருகிறது, பையன்களும் சேரலாம், பெண்களும் சேரலாம் என்றார். பெண்களும் என்றவுடன் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கோ மலை மேலிருந்து முருகனே மைக்கைப் பிடித்து என் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னேன். அம்மா அரிவாள்மனையிலிருந்து எழுந்தே விட்டாள்.

"இவ்ளோ மார்க்கு வாங்கிகினு மோட்டாருக்கா? ஃபெயிலாகற பசங்களைத் தள்ளிவிடற குரூப்புடி அது!"

அந்த நேரம் பார்த்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலை, அதனால் எங்கள் வீட்டில் எல்லா விஷயத்துக்கும் அவர்தான் தீர்ப்பு. "ஃபர்ஸ்ட் குரூப்பு எடுத்துட்டான்னு வெச்சிக்கோ, டாக்டராவும் ஆவலாம், இன்ஜினியராவும் ஆவலாம்" என்றார்.

"ரெண்டும் ஆவ வேணாம்னா மாமா?"

"அப்பவும் ஃபர்ஸ்ட் குரூப்பு எடுத்துட்டா கவலையில்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நைனாவைப் பார்த்தேன். மோட்டார் எரிந்து எரிந்து அவதிப்படுகிற மனுஷன், அவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நைனா அம்மா சொன்னதற்கும் "ஆங்" என்றார், மாமா சொன்னதற்கும் "ஆங்" என்றார், நான் சொன்னதற்கும் "ஆங், பாக்கலாம்" என்றார். விண்ணப்பப் படிவம் பெட்டியின் மேல் கிடந்தது. என்ன குரூப் என்ற இடம் காலி. கீழே தந்தையின் கையெழுத்து, அதுவும் காலி. அந்த இரண்டு காலி இடத்தைச் சுற்றித்தான் அந்த ஜூன் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டை நடந்தது.

அம்மா சண்டையை முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் குரூப் கிடைத்தால் என் முடியை முருகனுக்கு இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். இதுவரைக்கும் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் என் அம்மா எதையும் எல்லோரையும் போலச் செய்துவிட்டு சும்மா இருக்கிறவள் இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில், "கெளம்பு, மலைக்குப் போலாம்" என்றாள்.

"எதுக்கு?"

"முடி எறக்க."

"இன்னும் சீட்டே குடுக்கலையேம்மா!"

"அதான். நடந்தா போடறேன், நடந்தா போடறேன்னு ஊரே சொல்லுது. சாமி எத்தினி பேரை நம்பும்? நாம முன்னாடியே குடுத்துட்டோம்னா வாங்கிகினவரு செய்யாம இருக்க முடியுமா?"

தெய்வத்துக்கு அட்வான்ஸ்! அப்படி ஒரு மூளை. "அப்படின்னா உன் முடியைக் குடு" என்றேன்.

"குரூப்பு உனக்கா, எனக்கா?" என்றாள் அம்மா.

என் முடி இடுப்பைத் தொடும். இரட்டைப் பின்னல், ஊதா ரிப்பன். படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் அது முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. பாதிப் படியில் நின்று அழுதேன். பாதையோரம் கற்பூரம் விற்கிறவள் எனக்காகப் பரிதாபப்பட்டு, "அழாத கண்ணு, நல்லா பொசுபொசுன்னு வளரும்" என்றாள். வளராது என்று நான் அழவில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்த முடி போனால் அந்தக் காலி இடத்தில் முதல் குரூப் என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் யாராலும் மாற்ற முடியாது, அதற்குத்தான் அழுதேன்.

மொட்டை அடிக்கும் கொட்டகையில் தரையெல்லாம் ஈரம். சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். அடிக்கிறவர் ரிப்பனோடு சேர்த்து இரண்டு பின்னலையும் நறுக்கிக் கூடையில் போட்டார். ரிப்பனைக் கேட்டேன், காதில் வாங்கவில்லை. தலையில் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்து, விரலால் தேய்த்து, கத்தியை எடுத்தார். "சாமியை நெனைச்சிக்கோம்மா. இன்னா வேணுமோ கேட்டுக்கோ" என்றார். இருபது பேருக்குச் சொன்னதை இருபத்தோராவது ஆளுக்குச் சொல்லும் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தி நெற்றியிலிருந்து உச்சிக்கு வறக் வறக்கென்று போனது. குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது, மலைக் காற்று தலையில் நேராகப் பட்டது. கீழே சரவணப் பொய்கையும் ரயில் போகிற பாதையும் தெரிந்தன. அம்மா என் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவள் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

சேர்க்கை நாள் வந்தது. தலைமையாசிரியை அறைக்குள் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். அவர் முதலில் என் தலையைப் பார்த்தார், அப்புறம் மார்க்கைப் பார்த்தார், அப்புறம் ஒரு நீளமான தாளைப் பார்த்தார்.

"முதல் குரூப் நிரம்பிடுச்சி. கடைசி சீட்டு நேத்துதான் போச்சு" என்றார்.

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "முடி குடுத்துட்டோங்க மேடம்" என்றாள். அது ரசீது மாதிரி அவளுக்கு.

"நான் கேக்கலையேம்மா" என்றார் தலைமையாசிரியை. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "கணக்குல நல்ல மார்க். மோட்டார் குரூப்புல இடம் இருக்கு. ஒரே ஒரு ஆள் குறையுதுன்னு அதை ஆரம்பிக்க முடியாம வெச்சிருக்கேன். இவ சேர்ந்தா இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். யோசிச்சி சொல்லுங்க" என்றார்.

அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ தளர்வதைப் பார்த்தேன். "சாமி குடுக்கறது இதுதான்னா..." என்று இழுத்தாள். "முடியை வாங்கிகினு இதைத்தான் குடுக்கறாருன்னா, நாம யாரு வேணாம்னு சொல்றதுக்கு?" என்றாள். நைனா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். படிவத்தை நேராக்கினார்.

தோழர்களே, தோழிகளே, அந்த இடத்தில் நான் சும்மா நின்றிருந்தால் போதும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போதும். பதினைந்து வயதில் ஜெயித்தால் மட்டும் போதாது, ஜெயித்ததைச் சொல்லவும் வேண்டுமே!

"பாத்தியாம்மா? மொட்டை போடும்போது நான் மோட்டாரைத்தான் வேண்டிக்கினேன். சாமி நான் சொன்னதைத்தான் கேட்டாரு" என்றேன்.

அம்மாவின் கண் பெரிதானது.

"இன்னாடி சொன்ன?"

"மோட்டார் குரூப்பு வேணும்னு கேட்டுக்கினேன்."

"நான் ஃபர்ஸ்ட் குரூப்புக்காகக் குடுத்த முடியில நீ மோட்டாரு கேட்டியா?"

"முடி என்னுதுதானேம்மா."

"வேண்டுதல் என்னுதுடி!" என்று அம்மா கத்தினாள். நைனா பக்கம் திரும்பி, "பேனாவை மூடுங்க" என்றாள்.

தலைமையாசிரியை இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இது பள்ளிக்கூடம். உங்க சாமி பஞ்சாயத்தை வெளியில வெச்சிக்குங்க. வராண்டாவுல கூட்டம் நிக்குது" என்றார். அம்மா கேட்கிற நிலையில் இல்லை. அவள் உண்மையாகவே பயந்துவிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். மோட்டாரில் சேர்ந்தால் அவள் வேண்டுதலை நான் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். முதல் குரூப்புக்காக யாரையாவது பிடித்துக் காத்திருந்தால், சாமி எனக்குக் கொடுத்ததை அவள் தட்டிவிட்ட மாதிரி ஆகும். இரண்டுமே தெய்வக் குற்றம். "ரெண்டும் வேணாம், ரெண்டும் வேணாம்" என்று அழ ஆரம்பித்தாள். நான் பதறிப்போய், "அம்மா, நீ சரின்னு சொன்னியேம்மா" என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போதுதான் அந்த மாதம் முழுக்க "ஆங்" மட்டும் சொன்ன நைனா முதல் தடவையாக ஒரு யோசனை சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "மேடம், இவங்க ரெண்டு பேருமே கேக்காத குரூப்பு எதுனா இருக்குதுங்களா?" என்றார்.

"வரலாறு இருக்கு" என்றார் தலைமையாசிரியை.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

இரண்டு வருஷம் பானிபட்டு யுத்தம் எத்தனை, யார் யாரோடு, ஏன் என்று மனப்பாடம் பண்ணினேன். எனக்கும் பானிபட்டுக்கும் என்ன பகை? மோட்டார் குரூப் ஆரம்பிக்கவே இல்லை. ஓர் ஆள் குறைந்தது குறைந்தபடியே நின்றுவிட்டது. சேர்ந்திருந்தவர்களை வேறு வேறு குரூப்புக்குப் பிரித்து அனுப்பினார்கள். அதற்காக வந்து இறங்கிய மரப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் நாமெல்லாம் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். உள்ளே என்ன இருந்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அதனால்தான் நான் அதன் மேல் உட்காராமல் தூண் பக்கம் நின்றுகொண்டு சாப்பிட்டேன். திமிர் என்று சொன்னீர்கள்.

அடுத்த கோடையில் மோட்டார் மறுபடி எரிந்தது. நைனா மறுபடி என்னைக் காவலுக்கு அனுப்பினார். காயில்காரர் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே, "இன்னா பாப்பா, இன்னா படிக்கற?" என்று கேட்டார். வரலாறு என்றேன். அவர் கை நின்றுவிட்டது. "அது எதுக்கு?" என்றார். இருவருமே எண்ணிக்கையை விட்டுவிட்டோம். முதலிலிருந்து சுற்ற வேண்டியதாயிற்று.

வரலாற்றில் பி.ஏ. படித்து, பரீட்சை எழுதி, ஓர் அலுவலகத்தில் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது இது எனக்கான இடம் இல்லை என்று தோன்றும். மின்விசிறி நின்றுபோனால் நான் எழுந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் காற்று இல்லாமல் தவிக்கிறாள் என்று நினைத்தார்கள்.

அந்த அறையில் நடந்ததிலிருந்து அம்மா வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள் என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. தான் கேட்டதை விட்டுவிட்டு நான் கேட்டதைச் சாமி கொடுக்க வந்தார் என்றால், சாமிக்கு என் குரல்தான் காதில் விழுகிறது. அதனால் வீட்டில் எதற்கும் என்னைத்தான் வேண்டிக்கொள்ளச் சொல்வாள். மாடு கன்று போட வேண்டுமா, நைனாவுக்குக் கண் ஆபரேஷனா, மாமா பெண்ணுக்கு வரன் அமைய வேண்டுமா, "நீ ஒரு வார்த்தை கேளு. உனக்குத்தான் கேக்கறாரு" என்பாள். கல்யாணமாகிப் போன பிறகும் விடவில்லை. ஆபீசுக்கு போன் பண்ணி, மழை இல்லை, வேண்டிக்கோ என்பாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். சரி சரி என்று வைத்துவிடுவேன். என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவள் என்னிடமே சிபாரிசுக்கு வருகிறாளே என்று இருக்கும்.

நைனா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்துவிட்டாள். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். "நான் எழுந்து நடக்கணும்னு முருகங்கிட்ட கேளுடி. நீ கேட்டா நடந்துடும்" என்றாள். முதல் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை. என் முதுகு வலி எனக்கு. உண்மை வாயில் வந்துவிட்டது.

"அம்மா, அன்னிக்கி நான் ஒண்ணுமே வேண்டிக்கல."

"என்னிக்கி?"

"மொட்டை போட்ட அன்னிக்கி. மோட்டாரு நெனைப்பே வரல எனக்கு. கத்தி காதை அறுத்துடப் போவுதுன்னு பயந்துகினு கண்ணை மூடிகினு இருந்தேன். அவ்ளோதான். மேடம் ரூம்புல சும்மா சொன்னேன். உன்னை ஜெயிக்கணும்னு."

அம்மா கஞ்சியை விழுங்கினாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அந்தப் பழைய குரலிலேயே கேட்டாள்.

"அப்போ எதுக்குடி உன்னை வரலாறுல சேர்த்தோம்? உங்க நைனா பேனாவைத் தொறந்துட்டாரேடி."

நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அவள் மேல் பட்டுக்கொண்டிருந்த எரிச்சல் அத்தனையும் அன்றைக்கு அவள் கண்ணில் இருந்தது, என்னைப் பார்த்து. பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தலைமையாசிரியை அறையிலும் அது எழாமல் இருந்திருக்கலாம்.